தாம்பாளத்தின் அடிப்பக்கம்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நானில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய வெள்ளிச் சாமான் விற்கிறவள் அப்படி நம்பினால், கடையை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பாள்.

என் மகள் மாதவியைப் பேசி முடிக்கக் கிள்ளானிலிருந்து திருச்செல்வமும் அவர் மகன் குகனும் வீட்டுக்கு வந்தார்கள். பையனுக்கு இதுதான் முதல் கல்யாணம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். வெற்றிலை பாக்கை ஒரு வெள்ளித் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார் திருச்செல்வம்.

"எங்க தாத்தா காலத்துச் சாமான், சம்பந்திம்மா. லண்டன் வெள்ளி. அடியில நங்கூரம் குத்தியிருக்கு பாருங்க, கப்பல்ல வந்ததுக்கு அடையாளம்."

எனக்குச் சுருக்கென்றது. நங்கூரம், இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரில் வெள்ளியைச் சோதித்துக் குத்தும் முத்திரை. லண்டன் என்றால் சிறுத்தைத் தலை இருக்கும். மனுஷர் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டிருக்கலாம். மனசு கேட்டால்தானே! வெற்றிலையை எடுத்து வைத்துவிட்டுத் தாம்பாளத்தைக் கவிழ்த்தேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா, அம்மா? பொண்ணு பேச வந்திருக்காங்க, வெள்ளி விக்க வரல லா," என்று மாதவி பல்லைக் கடித்தாள். அவளுக்குக் குகனைப் பிடித்துப்போயிருந்தது. அதனாலேயே நான் இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நங்கூரம், சுத்த வெள்ளி என்பதற்கான சிங்கம், ஆண்டைச் சொல்லும் ஓர் எழுத்து. மூன்றும் கோணலாக இருந்தன. அவற்றுக்கு அடியில் புள்ளி புள்ளியாக ஏதோ விரலில் தட்டுப்பட்டது. முத்திரை, சாமான் கடைக்கு வருமுன்பே குத்துவது. பெயர், வாங்கியவர்கள் பிறகு புள்ளி புள்ளியாக வெட்டுவது. இங்கே வெட்டிய புள்ளிகளின் மேல் முத்திரை ஏறியிருந்தது. அடப்பாவிகளா, யார் பெயரை மறைக்கிறீர்கள்?

"லேசா கறுத்திருக்கு, அண்ணே. துடைச்சுத் தரேன்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம்!" திருச்செல்வம் எழுந்தேவிட்டார்.

நான் விடுவேனா? சாமி மேடையிலிருந்து திருநீற்றை அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். நம் வீடுகளில் வெள்ளியை வேறு எதில் துலக்குவோம்? துணியால் துடைத்ததும், திருநீறு குழிகளில் தங்கி எழுத்தாக நின்றது. ரஞ்சனி – குகன், 2019.

"அது... முடிஞ்சுபோன விஷயம், சம்பந்திம்மா. நாங்களே சொல்லலாம்னுதான்..."

"பூசி மெழுகாதீங்க!" என்றேன்.

நான் மேலே பேசுவதற்குள் மாதவி என் கையிலிருந்து தாம்பாளத்தைப் பிடுங்கினாள். படித்தாள். பிறகு அதைக் கொண்டுபோய்க் குகன் மடியில் வைத்தாள்.

"என் பேரை எங்க வெட்டுறதா இருந்தீங்க?"