பச்சைக்கு மேல் சிவப்பு

அல்சூரில் ஒரே படிக்கட்டை ஒட்டி இரண்டு வீடுகள். கீழே அண்ணன் சந்தானம், மனைவி காந்தாவோடு இருந்தான். மாடியில் தம்பி நாகேஷ், கல்யாணம் ஆகாதவன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய டீசல் கார். பகலில் அண்ணன் அதை டிராவல்ஸ்காரருக்கு ஓட்டுவான். பொழுது சாய்ந்ததும் கால் சென்டர் பிள்ளைகளை ஏற்றி இறக்க நாகேஷ் எடுத்துப் போவான். இவர்கள் வண்டிக்கு மட்டும் தூக்கமே கிடையாது என்று தெருவில் சொல்வார்கள்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது அப்பா அய்யாவு விஷயத்தில். அவருக்கும் காந்தாவுக்கும் ஒத்துப்போகவில்லை. குழாய்த் தண்ணீர், டிவி சத்தம், குழம்பில் உப்பு என்று தினம் ஏதாவது ஒன்று. ஒருநாள் நாகேஷ் வேலை முடிந்து வந்தபோது அப்பாவின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. ஆனேக்கல்லில் இருக்கும் தங்கை ஷோபா வீட்டில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டதாக அண்ணன் சொன்னான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா உனக்கு?"

"கேட்டா என்ன, நீ பாத்துக்கப் போறியா? பகல் பூரா தூங்குறவன்."

அதற்கப்புறம் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. சாவி காந்தாவின் கை வழியாகப் போய் வந்தது. "பிரேக் ஒரு பக்கம் இழுக்குதாம்" என்று அவள் படியில் நின்று மேலே பார்த்துச் சொல்வாள். "பாத்துக்கறேன்னு சொல்லுங்க அண்ணி" என்று நாகேஷ் மேலிருந்து பதில் சொல்வான். கொஞ்ச நாளில் அவளுக்கும் அலுத்துவிட்டது. சாவியை நீட்டுவதோடு சரி, சேதி சொல்வதை விட்டுவிட்டாள்.

அந்தக் கோடையில் வண்டியின் ரேடியேட்டரில் லேசாகக் கசிவு கண்டது. இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்டை அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. சந்தானம் எப்போதும் பச்சை நிறக் கூலண்ட்தான் ஊற்றுவான். ஒரு பாட்டில் டிக்கியிலேயே கிடக்கும். ஒரு சாயங்காலம் ஓசூர் ரோட்டில் சிக்னல் நெரிசலில் சூடு காட்டும் முள் ஏறுவதைப் பார்த்து நாகேஷ் வண்டியை ஓரம் கட்டினான். டிக்கியில் பாட்டில் காலி. பின்சீட்டில் மூன்று பெண்கள் ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடையில் சிவப்புதான் இருந்தது.

"உள்ள என்ன கலர் இருக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். "பச்சை மேல இதை ஊத்தாதீங்க. ரெண்டும் சேராது. பழசை முழுசா எடுத்துட்டு, கழுவிட்டு ஊத்துங்க. இல்லன்னா இன்னிக்கு வெறும் தண்ணி ஊத்திட்டு ஓட்டுங்க."

தண்ணீர் ஊற்றியிருக்கலாம். நாகேஷுக்கு அது தெரியும். ஆனால் தண்ணீர் ஊற்றினால், காலையில் அதை எடுத்துவிட்டுப் பச்சை ஊற்றச் சொல்லி யாராவது அண்ணனிடம் சொல்ல வேண்டும். செல்போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்துக்கொண்டான். பெண்களில் ஒருத்தி "அண்ணா, போலாமா?" என்றாள். சிவப்பை ஊற்றி மூடிவிட்டுக் கிளம்பினான். ஒன்றும் ஆகவில்லை. வண்டி நன்றாகவே ஓடியது.

சில வாரம் கழித்து ஒரு காலை. நாகேஷ் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே அண்ணனின் போன் அடித்தது. அவன் பேசிய தோரணையிலேயே, அழைத்தது ஷோபாதான், அப்பாவுக்கு ஏதோ என்று நாகேஷுக்குத் தெரிந்தது.

"வாய் கோணிக்கிச்சா? எப்பருந்து? சரி, அழாத. மாப்பிள்ளை எங்க? ஊர்ல இல்லயா? நீ வேற வண்டி எதுவும் பாக்காத. கண்டவன் வண்டியில ஏத்தாத நைனாவை. நாங்க இதோ கிளம்பிட்டோம்."

நாகேஷ் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சந்தானம் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். நாகேஷ் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த வண்டியில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

சில்க் போர்டு தாண்டும்வரை ஊர்ந்துதான் போக முடிந்தது. அப்புறம் சந்தானம் விரட்டினான். எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்த கொஞ்ச தூரத்தில் நாகேஷ் முள்ளைக் கவனித்தான். பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. சொல்லலாமா என்று நினைப்பதற்குள் அண்ணனும் அதைப் பார்த்துவிட்டது தெரிந்தது. இருந்தும் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. சந்தாபுரத்துக்கு முன்னால் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இன்ஜின் இரண்டு முறை திக்கி, இறுகி நின்றுவிட்டது.

இருவருமாகத் தள்ளி ஓரம் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது நல்லதாகப் போயிற்று. சூடு தணிந்ததும் மெக்கானிக் ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் இல்லை. காபி நிறத்தில், கெட்டிக் கூழாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தோண்டி எடுத்துக் காட்டினான்.

"எரடூ சேரிசி ஹாக்கிதீரா?" என்றான். இரண்டையும் கலந்து ஊற்றினீர்களா என்று.

சந்தானம் தம்பியைப் பார்த்தான்.

"சேப்பு ஊத்துனது நீதான?"

"ஆமா."

"எனக்குத் தெரியும்" என்றான் சந்தானம். "மறுநாள் காலையிலயே மூடியைத் தொறந்து பாத்தேன். கலர் மாறி இருந்துச்சு. கேக்கணும்னு மாடிப்படி வரைக்கும் வந்தேன்." நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தான். "அப்புறம் நான் பாட்டுக்குப் பச்சையை ஊத்திட்டு வந்துட்டேன்."

நாகேஷுக்கு அண்ணனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் தன்னை அடித்தாலும் தேவலை என்றும் இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. ஷோபாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வழியில் போன வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினார்கள். கடைசியில் ஆனேக்கல் பஸ் ஒன்று, படியில் ஆள் தொங்க, வந்து நின்றது.

ஷோபா வீட்டில் இல்லை. தெருமுனையில், அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவர் சரிந்துவிடாமல் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கார் வரும் என்று பார்த்திருந்தவள், அண்ணன்மார் நடந்து வருவதைப் பார்த்ததும் அவர்களுக்குப் பின்னால் தேடினாள்.

"வண்டி எங்கண்ணா?"

"சூடாகி நின்னுபோச்சும்மா" என்றான் சந்தானம்.

"எதிர்வீட்டுக்காரர் அவர் வண்டியில கூட்டிட்டுப் போறேன்னு அப்பவே சொன்னாரு. நீங்க வேணாம்னீங்கன்னு அனுப்பிட்டேன். ரெண்டு பேரு ஓட்டுற வண்டி. ஒருத்தர் கூடவா பாக்கல?"

அந்த எதிர்வீட்டுக்காரரையே தேடிப்பிடித்து, அவர் வண்டியில்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். ஷோபா சொன்னாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், "ஊசி போடற நேரம் தாண்டிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து எழுதினார். அவர் திட்டியிருந்தால் நாகேஷுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா பிழைத்தார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாளில் சந்தானம், "நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேம்மா. காந்தாகிட்ட பேசிட்டேன், பாத்துக்கறேன்னுட்டா" என்றான்.

ஷோபா அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "வேணாண்ணா. அங்க இவருக்கு ஒரு அவசரம்னா, நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசணும். அது வரைக்கும் இவரால காத்திருக்க முடியாது."

சந்தானம் மருந்துப் பையை எடுத்துக்கொண்டான். நாகேஷ் வண்டி பார்க்க வெளியே போனான்.

காரை இருந்த நிலையிலேயே விற்றுத் தள்ளிவிட்டார்கள். சந்தானம் வேறொருவர் வண்டிக்குப் போனான், நாகேஷ் இன்னொருவருடையதற்கு. இப்போது பேசிக்கொள்கிறார்கள். லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் ஒன்றாகவே பஸ் ஏறி ஆனேக்கல் போகிறார்கள். டிராஃபிக்கைப் பற்றி, மழையைப் பற்றி, காந்தாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசுகிறார்கள். கூலண்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

போன ஞாயிறு அவர்கள் போனபோது அப்பா இடது கையை அசைத்து, தொண்டையிலிருந்து ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தார்.

"காலையிலருந்து இப்படித்தான் எதையோ கேக்கறாரு" என்றாள் ஷோபா. "என்னன்னு எனக்குப் புரியல."

நாகேஷ் கட்டிலருகே மண்டியிட்டான். "தண்ணி வேணுமா நைனா? ஃபேன் போடட்டா? எழுந்து உக்காரணுமா?"

அப்பா சத்தம் எழுப்புவதை நிறுத்தவில்லை. சந்தானம் மறுபக்கம் வந்து குனிந்து, "வீட்டுக்குப் போணுமா நைனா? அல்சூருக்கா?" என்று கேட்டான்.

அப்பா ஒருவனைப் பார்த்தார், பிறகு மற்றவனைப் பார்த்தார். ஆமென்றும் இல்லையென்றும் காட்டாமல், களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.