பத்தே நிமிஷம்ண்ணே

போன வாரம் ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் அட்மின் உரிமையைப் பிடுங்கியது நான்தான். கண்ட கண்ட விளையாட்டை இறக்கி வைரஸை வரவழைத்தால் வேறென்ன செய்வது? பெரிய காரியம் செய்ததாக மார்தட்டிக்கொண்டேன் வேறு.

அதன் பிறகு முதல் லோடு கிளம்ப வேண்டிய இன்று காலை பத்து மணிக்கு, எங்கள் கோழிக்குஞ்சுப் பண்ணையின் அனுப்புச் சீட்டு மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்றது. அட்மின் உரிமை வேண்டுமாம் துரைக்கு! இருபது வருடப் பழசு. எழுதியவன் எங்கே போய்த் தொலைந்தானோ. சீட்டு அச்சாகாமல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார். கேட்டுக்கு இந்தப் பக்கம் வேன் நிறைய, முட்டையிலிருந்து பொரிந்து ஒரு நாளே ஆன குஞ்சுகள். வண்டி ஓடினால்தான் உள்ளே காற்று.

"தம்பி, வெயில் ஏறுது. பெட்டிங்கள எறக்கி உள்ள வச்சிரட்டுமா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"வேணாம்ண்ணே. பத்தே நிமிஷம்."

என் பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்தது. ஆனால் பிரிண்டரைக் காணோம். அது குமாஸ்தா அக்கா பெயரில் நுழைந்தால்தான் தெரியும். சரி, அக்காவுக்கே அட்மின் கொடுத்துத் தொலைக்கலாம் என்றால், மேலாளர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட வைத்ததும் நானேதான். மகராசன் போனை எடுக்கவில்லை.

"என்ன தம்பி, ஆச்சா?"

"பத்தே நிமிஷம்ண்ணே! சும்மா நச்சரிக்காதீங்க!"

மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ம்ஹூம். இணையத்தில் யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்தேன். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. கடைசியில்தான் உறைத்தது. சனியன், திறக்கும்போதெல்லாம் தன் ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் கோப்பை எழுதப் பார்க்கிறது. அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுத அக்காவுக்கு அனுமதி கொடுத்தேன். ஒரே ஒரு டிக். இதற்கா இவ்வளவு பாடு!

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மணி பன்னிரண்டரை.

வேனின் பின்கதவைத் திறந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டரை மணி நேரம் ஆகும்னு சொல்லியிருந்தா, எறக்கி வச்சிருப்பேனே தம்பி."

பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். அக்காவும் வர, மூவரும் உட்கார்ந்து எண்ணினோம். எண்ணூற்று நாற்பது. அனுப்புச் சீட்டில் 'இறந்தவை' என்று ஒரு கட்டம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணை அடித்தார். மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.