பிறகு நினைவூட்டு

காலையில் டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து எடுத்தால் முதலில் வந்து நிற்பது அந்தக் கேள்விதான். புது சிஸ்டம் தயாராக இருக்கிறது, இப்போதே மாற்றிவிடவா என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இப்போது’. மற்றது ‘பிறகு நினைவூட்டு’. நான் இரண்டாவதை அமுக்கிவிட்டு, திரையைத் துடைத்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பேன். மறுநாள் காலையில் மறுபடியும் வந்து நிற்கும். அது விடாக்கண்டன், நான் கொடாக்கண்டி.

அந்த டேப்லெட்டில்தான் என் வீட்டுக்காரரின் குரல் இருந்தது. வேறெங்கும் இல்லை, அவர் தொண்டையில்கூட இல்லை.

நாங்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர்கள். அவர் வண்டியில், நான் ஆபீசில். வண்டிக்குள் அவர் போடும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். வண்டியை விட்டு இறங்கினால் வாயில்லாப் பூச்சி. சேர வருகிறவர்கள் அவரிடம் ஒன்று கேட்டால் அவர் என்னைப் பார்ப்பார், நான் பதில் சொல்வேன். எத்தனையோ வருஷம் இப்படியே ஓடிவிட்டது. வீட்டிலும் அதுதான். அவருக்குக் காரம் ஆகுமா, அவரால் கல்யாணத்துக்கு வர முடியுமா, எல்லாவற்றுக்கும் பதில் என் வாயிலிருந்துதான் வரும். அவரும் ஒரு நாளும் மறுத்ததில்லை.

தொண்டையில் கட்டி என்று தெரிந்து, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றானபோது, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் அந்த டேப்லெட்டைக் கையில் கொடுத்தார். அதில் வரிசையாக வாக்கியங்கள் வரும். சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து அவற்றை வாசித்துவிட்டால், அந்தக் குரலை வெட்டி ஒட்டி, பிறகு அவர் எதை டைப் செய்தாலும் அவர் குரலிலேயே பேசும் என்றார்.

சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் காலி மைதானத்துக்குள் திரும்பி, மரநிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மத்தியானம் முழுக்க வாசித்துவிட்டு வந்தார். அடுத்த நாள் காலையில் ஆபரேஷன்.

ஆபரேஷன் முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்து முதன்முதலாக டைப் செய்தது, தண்ணீர் கேட்டுத்தான். டேப்லெட் அவர் குரலிலேயே கத்தியது. ஆமாம், கத்தியது. வண்டிக்குள் உட்கார்ந்து வாசித்தவருக்கு வண்டிக்குள் பேசுகிற குரல்தானே வரும்? “தண்ணி குடு!” என்றது, பிரேக்கை மிதி என்கிற மாதிரி. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தமும் மெல்லக் கேட்டது. டிக், டிக், டிக்.

மைதானத்துக்குள் திரும்பும்போது போட்ட இண்டிகேட்டர். அந்த வண்டியில் அது தானாகத் திரும்பாது. ஆயிரம் மாணவர்கள் இழுத்த இழுப்பில் அந்தப் பிடி தளர்ந்துபோய்விட்டது, கையால்தான் தள்ள வேண்டும். “திரும்பியாச்சுல்ல, ஆஃப் பண்ணு!” என்று ஊரையே விரட்டிய மனுஷன், கண்ணாடியை ஏற்றுவதற்காகச் சாவியைத் திறந்தே வைத்து, இண்டிகேட்டரையும் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். காலமெல்லாம் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது சத்தமாகவே படவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். வார்டில் நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து நர்ஸ் ஓடி வந்தாள். சிரித்து முடித்து அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் எதைச் சொன்னாலும் திட்டுகிற மாதிரி இருக்கும், கூடவே டிக் டிக் என்று ஓடும். “நல்லா இருக்கு” என்றாலும் அப்படித்தான், “தூங்கலியா மகாராணி” என்றாலும் அப்படித்தான். போகப்போக அந்த டிக் டிக் இல்லாத குரலை எனக்கு நினைவில் கொண்டுவரவே முடியவில்லை.

டேப்லெட்டுக்கும் வயதாயிற்று. ஒரு வாக்கியத்தை டைப் செய்து முடித்தால் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பால் பொங்குகிறது என்று அவர் டைப் செய்து அது வாயைத் திறப்பதற்குள் நான் அடுப்பைத் துடைத்து முடித்திருப்பேன். மகள் போனில் பேசினால், அவள் கேட்டதற்கு அப்பா பதில் சொல்லும்போது அவள் வேறு ஊர்க்கதைக்குப் போயிருப்பாள். கொஞ்ச நாளில் அவர் டைப் செய்வதையே குறைத்துக்கொண்டார். கேட்டால் தோளைக் குலுக்குவார். நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார். பழைய கதைதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. போனில் அவரிடம் கேட்டேன்.

“புது சிஸ்டம் போட்டா எல்லாம் சரியாயிடும் அத்தை. டைப் பண்ண உடனே பேசும். ஆனா மாமா குரல் இருக்காது. அந்தப் புரோகிராமைச் செஞ்ச கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்க. புதுசுல அது திறக்கவே திறக்காது.”

“மாமா குரலை எடுத்து புதுசுல போட முடியாதா மாப்பிள்ளை?”

“பாத்தேன் அத்தை. அந்த டிக் டிக்கை எடுத்தா மாமா குரலும் சேர்ந்து போகுது. தகர டப்பாக்குள்ள யாரோ பேசற மாதிரி இருக்கு. எடுக்காம விட்டா மெஷின் டிக் டிக்கைத்தான் குரல்னு நினைச்சுக்குது.”

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “அம்மா, இன்னொரு டேப்லெட் அனுப்பறேன். வீட்டுல பழசு இருக்கட்டும், வெளியில புதுசு. ரெண்டும் வெச்சுக்கட்டும்.”

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அவர் டைப் செய்தார். வட்டம் சுற்றி முடிந்ததும் டேப்லெட் அதட்டியது: “ரெண்டு குரல்ல பேச எனக்கென்ன பேயா புடிச்சிருக்கு?”

“ஓட்டறவங்களுக்கு ஒண்ணு, பக்கத்துல உங்களுக்கு ஒண்ணுன்னு உங்க வண்டியில ரெண்டு பிரேக் இருக்கே, அது மட்டும் என்னவாம்?” என்றேன்.

வட்டம் சுற்றியது. “ரெண்டு பிரேக் இருக்கலாம். ஸ்டியரிங் ஒண்ணுதான்.”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாற்றிவிடலாம் என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. காலைக் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலை என்னிடமே இருந்தது. நான் பிறகு, பிறகு என்று அமுக்கிக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் மறுபடி ஒரு வீக்கம் வந்தது. பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனுஷர், என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல.

“திரும்ப வந்திருக்கு சார். மருந்து ஏத்தலாம். ஆனா உடம்பு ரொம்பப் படும். கொஞ்ச காலம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நீங்க என்ன நினைக்கறீங்க?”

அவர் டேப்லெட்டை மடியில் வைத்து டைப் செய்தார். வட்டம் சுற்றியது. டாக்டர் காத்திருந்தார். வெளியிலிருந்து கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். வட்டம் சுற்றியது. அவர் அதை டாக்டர் பக்கம் தூக்கிக் காட்டினார், மன்னிச்சுக்கோங்க என்கிற மாதிரி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“குடுங்க டாக்டர். என்னென்ன இருக்கோ எல்லாம் குடுங்க. அவர் தாங்குவார்” என்றேன்.

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார், ஆபீசில் பார்க்கிற மாதிரியே. டாக்டர் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம் என்றார்.

லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தோம். சக்கர நாற்காலியில் ஒரு பெண், அவளோடு வந்தவர்கள், மாத்திரைப் பையோடு இரண்டு பேர். அவர் கையிலிருந்த டேப்லெட் அப்போதுதான் வாயைத் திறந்தது. அத்தனை பேர் முன்னாலும், அந்த வண்டிக் குரலில்.

“எனக்கு வேண்டாம் டாக்டர். போதும்.”

டிக், டிக், டிக்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட் வந்தது. யாரும் ஏறுவதற்கு முன்னால் நான் ஏறினேன். அவர் பின்னால் வந்தார். கதவு மூடியது.

பயிற்சி வண்டியை வீட்டுக்கு நான்தான் ஓட்டி வந்தேன். நான் ஓட்டினால் அவர் வலது கால் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருக்கும், அன்றும் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன்.

“எனக்காக இருக்கக் கூடாதா?”

அவர் உட்கார்ந்து டைப் செய்தார். அந்த வட்டம் சுற்றிய நேரம் எனக்கு ஒரு யுகம்.

“உனக்காகத்தான் இவ்வளவு நாள்.”

“அப்ப இன்னும் கொஞ்ச நாள் இருங்க.”

வட்டம். “நான் என்ன சொல்றேன்னு ஒரு தடவை கேளு. நேரத்துக்குக் கேளு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன். அடுப்படியில் பாத்திரங்களை எல்லாம் இரண்டாவது முறை தேய்த்தேன். ஆனால் தேய்க்கத் தேய்க்கத் தெளிவாகிவிட்டது, அதுதான் கஷ்டம். அந்த ‘இப்போது’ பொத்தானை நான் அமுக்காமல் விட்டால், அவர் குரல் என்னோடு இருக்கும், அடுத்த வாரம் டாக்டர் முன்னால் வட்டம் சுற்றும், நான் பதில் சொல்வேன், அவர் தலையாட்டிவிட்டு மருந்தை ஏற்றிக்கொள்வார். அமுக்கினால் குரல் போகும். அந்தக் குரல் போனதற்குக் கூலியாகக் கிடைப்பது, வேண்டாம் என்று அவர் சொல்கிற வார்த்தை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத்தான் நஷ்டம். அவருக்கு ஒரு பக்கத்திலாவது ஏதோ இருந்தது.

மறுநாள் காலையில் கேள்வி வந்து நின்றது. நான் டேப்லெட்டை அப்படியே அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதை என் பக்கமே தள்ளினார். பின்பு திரும்ப இழுத்து, கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, டைப் செய்தார்.

“நீயே அமுக்கு. நான் அமுக்கினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே.”

“யார் ஆயுசுக்கு?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு.

நான் என் போனை எடுத்தேன். “ஏதாவது நாலு வார்த்தை பேசுங்க. பதிஞ்சு வெச்சுக்கறேன்.”

வட்டம் வெகுநேரம் சுற்றியது. “செத்தவன் சாமானை எடுத்து வைக்கற மாதிரி வைக்காதே. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.”

திருட்டுத்தனமாகப் பதிந்திருக்கலாம். போன் கையில்தான் இருந்தது, அவர் கண்ணும் வேறெங்கோ இருந்தது. எனக்கு மனம் வரவில்லை. போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அவர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தேன்.

“கடைசியா ஒண்ணு சொல்லுங்க. பதியல. சும்மா கேக்கறேன்.”

அவர் ஒற்றை விரலால் தட்டினார்.

“கண்ணாடி பார். சிக்னல் போடு. அப்புறம் திரும்பு!”

டிக், டிக், டிக். டிக் என்று பாதியில் நின்றது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ‘இப்போது’ என்பதை அமுக்கினேன்.

மத்தியானம் வரை அது தன்னைத்தானே மாற்றிக்கொண்டிருந்தது. முடிந்ததும், எந்தக் குரல் வேண்டும் என்று நான்கு குரல்களைப் பேசிக் காட்டியது. அவர் மூன்றாவதை எடுத்தார். செய்தி வாசிக்கிற பையன் மாதிரி, பிறந்ததிலிருந்து யாரையும் அதட்டியிராத குரல்.

“பெண் பார்க்க வந்தவன் மாதிரில்ல இருக்கு” என்றேன்.

“கட்டிக்கோ” என்றது அந்தக் குரல், உடனே. வட்டமே இல்லை.

அன்று சாயங்காலம் அவர் எவ்வளவு பேசினார்! மகளிடம், மாப்பிள்ளையிடம், கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரரிடம். இவ்வளவு பேச்சை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷன் இருந்தார் என்று திகைத்துப்போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சமையலறையிலிருந்து கேட்டால், வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்து என் வீட்டுக்காரர் இருக்கும் அறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அவரைக் காணோம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே அவர் டைப் செய்துவிட்டார்.

“டாக்டர், மருந்து வேண்டாம். வலி இல்லாம மட்டும் பாத்துக்குங்க. நான் வீட்டுல இருக்கணும்.”

அவ்வளவு மரியாதையான குரல் அது. டாக்டர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்தார். போன முறை அவருக்கு நான்தானே பதில் சொன்னேன்? எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அந்த விழுங்கல் போல ஒன்றை என் ஜென்மத்தில் நான் விழுங்கியதில்லை.

“அவரே சொல்லிட்டாரே டாக்டர்” என்றேன்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். அவர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கால்கள் இரண்டையும் மடக்கி இருக்கையோடு சேர்த்து வைத்திருந்தார், பிரேக் தனியாக இருந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் கண்ணாடி பார்த்தேன், சிக்னல் போட்டேன், திரும்பினேன். இண்டிகேட்டர் ஓடியது. டிக், டிக், டிக். அதற்கு முன்னால் ஒரு குரல் வர வேண்டும், இதோ வரப்போகிறது என்று என் காது கிடந்து தவித்தது.

“திரும்பியாச்சு. இண்டிகேட்டரை ஆஃப் பண்ணு” என்றது செய்தி வாசிக்கிற பையனின் குரல்.

“இருக்கட்டும்ங்க.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பின்பு டேப்லெட்டை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சாவியை மட்டும் முழுசாகத் திருப்பவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.