மணிக்கட்டில் ஒரு நெல்லிக்காய்

அண்ணியும் நானும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பைண்டிங் கடையில் காகிதம் மடித்த காலம் அது, கண்ணுகளா. பசை வாசனை தலைமுடி வரைக்கும் ஏறிவிடும். அன்றைக்கு அலுத்துக்கொண்டோம். இன்றைக்குப் புதுப் புத்தகத்தைத் திறந்தால் அந்த வாசனைக்கு மூக்கு ஏங்குகிறது.

அண்ணியின் வலது மணிக்கட்டின் மேல்புறத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தாள். கையை ஊன்றி எழும்போது முகம் சுளித்ததில் கண்டுபிடித்துவிட்டேன்.

“டாக்டர்கிட்ட போவோம் அண்ணி.”

“வேண்டாம்டி. எங்கம்மாவுக்கும் கட்டிதான், மார்ல. டாக்டர் வியாதி பேரைச் சொன்னார். அடுத்த மழைக்கு அம்மா இல்ல.”



விஷயம் எங்களை வேலை வாங்கும் கடை மேஸ்திரி காதுக்குப் போனது. எங்கள் கடையில் எது புடைத்தாலும் ஒரே வைத்தியம், அழுத்துவதுதான். அட்டை வளைந்தாலும் சரி, புத்தகத்தின் முதுகு உப்பினாலும் சரி.

“இதுக்கா பயம்? கையை மேசையில வைம்மா. ஒரே போடு!” கடையிலேயே கனமான அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அண்ணி கையை வைத்தேவிட்டாள்! அடிக்கு அவளுக்குப் பயமில்லை. அந்தப் பேருக்குத்தான் பயம்.

அகராதியை எட்டிப் பிடித்தேன். “மேஸ்திரி, எலும்பு உடைஞ்சா பைண்டு பண்ணித் தருவீங்களா?”

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டரம்மா கட்டியைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். அறை விளக்கை அணைத்து, டார்ச்சை அதன் பக்கத்தில் வைத்தார். கட்டி குட்டி லாந்தர் மாதிரி சிவப்பாக ஒளிர்ந்தது.

“பாருங்க, வெளிச்சம் உள்ளே போகுது. இது நீர்க்கட்டி. மூட்டுல இருக்கிற வழுவழுப்பான நீர் கசிஞ்சு, ஜெல்லி மாதிரி ஒரு பையில சேர்ந்திருக்கு. புற்று இல்லம்மா. தானாவே போனாலும் போகும். வலி கூடினா, விரல் மரத்தா வாங்க, ஊசியால எடுக்கலாம். எடுத்தாலும் திரும்ப வரலாம். அடிச்சு உடைக்க மட்டும் யாரையும் விடாதீங்க.”

“அப்போ எங்கம்மாவுக்கு வந்தது?”

“அது வேற, இது வேற.”

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பசிக்குதுடி” என்றாள்.

கட்டி எப்போது வற்றியது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஒருநாள் தற்செயலாகத் தடவிப் பார்த்தாள். காணோம்.

“சொல்லாம கொள்ளாம போயிருக்கு பாரு, மரியாதை தெரியாத கழுதை!” என்றாள் அண்ணி.