ஐந்து இறக்கைக் காற்றாலையும் பக்கத்துப் பப்பும்

எனிட் மாட்லி ஒன்பது வருஷமாக அடுத்தவர்கள் படங்களுக்குத்தான் ஊர் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே ஒரு படத்துக்கு மட்டும் அவளால் ஊர் சொல்ல முடியவில்லை.

ஸ்கெல்ட்ரிக் நூலகத்தின் பின்னறையில் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் கூடும். யாராவது பரணிலிருந்தோ, செத்துப்போன பெரியப்பாவின் பெட்டியிலிருந்தோ பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். இடிந்த பப்பாக இருக்கலாம், எரிந்த காற்றாலையாக இருக்கலாம். அது எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். படம் சுவரில் தெரியும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆளுக்கொரு சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்ட பிறகுதான் பேச்சு. அந்தச் சட்டம் வந்ததே டெஸ்மண்ட் எப்டனால்தான். பத்து வயசு தாண்டியதிலிருந்து பீர் வண்டியில் ஏறி, நாற்பது வருஷம் லிங்கன்ஷயர் முழுக்கப் பப்களுக்குப் பீப்பாய் இறக்கிய மனிதர். அவர் முதலில் கத்திவிட்டால், சரியோ தப்போ, மற்றவர்கள் கண்ணுக்கும் அதே ஊர்தான் தெரியும்.

எனிட்டின் கதை இதுதான். போர்க்காலத்தில், ஐந்து வயதில், ஹல் நகரத்தில் குண்டு விழுந்தபோது கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டி, படகில் ஆற்றைக் கடத்தி, ஏதோ ஒரு கிராமத்துப் பப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே பெக் அத்தை என்று ஒருத்தி இரண்டு வருஷம் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மா குண்டில் போய்விட்டாள். அப்பாவின் அக்கா வந்து குழந்தையை வேல்ஸுக்கு அழைத்துப் போனாள். அந்த அக்காவுக்குப் பெக் என்ற பெயரே பிடிக்காது. ஊர்ப் பெயரைச் சொல்லாமலேயே கண்ணை மூடிவிட்டாள். அனுப்பிவைத்த பள்ளிக்கூடமும் அதன் பதிவேடுகளும் குண்டில் எரிந்துபோயின. மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான். பப் வாசலில் பெக் அத்தை, பக்கத்தில் அவள் புருஷன், நடுவில் முட்டி தெரியக் குட்டி எனிட். பின்னால் ஐந்து இறக்கைக் காற்றாலை. பெயர்ப்பலகையின் கம்பம் மட்டும்தான் படத்தில் விழுந்திருந்தது.

வேல்ஸுக்கு வண்டி ஏறும்போது எனிட் அழுதாளே தவிர, பெக் அத்தைக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. டெலிபோன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வேல்ஸை விட்டு இங்கே குடிவந்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். கல்லறையில் நின்றாவது சொல்லிவிட வேண்டும். காற்றாலை இடப்பக்கம், பப் வலப்பக்கம் என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டு ஐந்து இறக்கைக் காற்றாலை இருந்த ஊர் எல்லாவற்றுக்கும் போய்ப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. கூட்டத்தில் மட்டும் படத்தைக் காட்டவே இல்லை. இவர்களும் கைவிரித்துவிட்டால் அப்புறம் கேட்க யார் இருக்கிறார்கள் என்ற பயம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கூட்டத்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் இப்படி ஒவ்வொருவராகப் போனால் என்னாவது என்று எனிட்டுக்குத் தோன்றியது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

பெரிதாக்கும் கருவியில் வைத்ததும் சுவர் நிறையப் பெக் அத்தை வந்து நின்றாள். எனிட்டால் உட்கார முடியவில்லை. ஏழு சீட்டு விழுந்தன. பிரித்தால் ஆறு வெறும் சீட்டு. ஏழாவதில் டெஸ்மண்டின் கோணல் எழுத்து: ‘ஹோல்ட்பி மாதிரி இருக்கு. ஆனா இல்ல.’

“மாதிரி இருக்கு, ஆனா இல்லன்னா என்னய்யா அர்த்தம்?” என்றாள் நோரீன். துணி திருத்தித் தைக்கும் கடையில் நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள். டெஸ்மண்டைச் சீண்டாவிட்டால் அவளுக்குக் காப்பி இறங்காது.

“ஹோல்ட்பியில ‘மூணு பீப்பா’ன்னு ஒரு பப் இருந்துச்சு. வாசல், சன்னல் எல்லாம் இதே கணக்குதான். ஆனா நிலவறைக் கதவு அங்க வாசலுக்கு இடப்பக்கம். இதுல வலப்பக்கம் இருக்கு. காத்தாலையும் அங்க வலப்பக்கம், இதுல இடப்பக்கம் நிக்குது. நான் எத்தன தடவ அங்க பீப்பா உருட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“உருட்டுறதுக்கு முன்னாடி குடிச்சியா, பின்னாடி குடிச்சியா? அதச் சொல்லு முதல்ல.”

“ரெண்டு தடவையும்தான். ஆனா கதவு இடப்பக்கம்தான்.”

“படம் திரும்பியிருக்குமோ?” என்று மூலையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஸ்லைடுன்னா திரும்பும். இது காகிதப் படம், எப்படித் திரும்பும்?” என்று எனிட்டே சொன்னாள். ஒன்பது வருஷமாக அந்த அறையில் எல்லோரும் நம்பிவந்தது அது. ஒளி ஊடுருவும் ஸ்லைடைத்தான் தலைகீழாகவும் பின்பக்கமாகவும் செருகித் தொலைப்பார்கள். காகிதத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றியதில்லை.

எனிட் படத்தை எடுக்கக் கையை நீட்டினாள். போதும், வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

“இரும்மா, எடுக்காத,” என்றாள் நோரீன். எழுந்து சுவருக்கு அருகே போனாள். மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். “இந்த ஆளு ஏன் பொம்பள மாதிரி பட்டன் போட்டிருக்கான்?”

“என்னது?”

“கோட்டப் பாரு. ஆம்பளைக்கு இடப்பக்கத் துணிதான் மேல வரும். இவனுக்கு வலப்பக்கம் வந்திருக்கு. கோட்ட மட்டும் இல்ல, உள்ள போட்டிருக்கிற வெயிஸ்ட் கோட்டும் அப்படித்தான். ஒண்ணு இவன் பொண்டாட்டி துணிய மாட்டியிருக்கணும், இல்லன்னா யாரோ வீட்டுலயே படம் கழுவுறேன்னு பிலிமத் திருப்பி வச்சிருக்கணும்.”

அவள் கைப்பையைத் துழாவி முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். எனிட் படத்தைப் பிடித்துக்கொள்ள, நோரீன் பக்கத்தில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள். கையகலக் கண்ணாடிக்குள் காற்றாலை நகர்ந்து வலப்பக்கம் போய் நின்றது. நிலவறைக் கதவு இடப்பக்கம் வந்தது. டெஸ்மண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். வழக்கமாகக் கத்துகிற மனிதர், மெதுவாகப் பேசினார்.

“ஹோல்ட்பிதான். அது பெக் சவர்பி. ஐயோ, இத்தன நேரம் சுவர்ல அவங்களே நிக்கிறாங்க, நான் கதவப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

“பெக்னு பேரே நான் சொல்லலையே,” என்றாள் எனிட்.

“பேர நீ சொல்லணுமா? குளிர்ல விறைச்சுப்போய் வந்தா என் கையுறைய அடுப்பு மேல வச்சு சூடு பண்ணித் தருவாங்க. பப்ப எப்பவோ இடிச்சுட்டாங்க. அதே மண்ணுல மக வீடு கட்டியிருக்கா, அங்கதான் இருக்காங்க.”

“இருக்காங்களா?”

“எண்பத்தெட்டு வயசு. காது கொஞ்சம் மந்தம். மத்தபடி என்னைவிட நல்லாத்தான் இருக்காங்க.”

எனிட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். யாரோ தேநீரைக் கையில் வைத்தார்கள். நோரீன் அவள் தோளைத் தட்டி, “கல்லறைக்குப் பூ வாங்க வேண்டாம். கேக் வாங்கிக்கிட்டுப் போ,” என்றாள்.

மறுநாள் மதியம் டெஸ்மண்டின் காரில் மூன்று பேரும் போனார்கள். பதினோரு மைல்தான். ஒன்பது வருஷமாகப் பதினோரு மைல் தள்ளி இருந்திருக்கிறாள். காற்றாலையின் அடிக்கட்டு மட்டும் தகரத் தொப்பியோடு நின்றது. அதன் பக்கத்தில் சின்ன வீடு. சன்னலோரம் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள் பெக் அத்தை. மகள் காதருகில் குனிந்து, “அம்மா, போர்க்காலத்துல உங்ககிட்ட இருந்த பிள்ளையாம்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

பெக் அத்தை நிமிர்ந்து பார்த்தாள். “ஏழு பேரு இருந்தாங்க. இதுல நீ யாரு? ஆட்டுக்குட்டியப் படுக்கைல ஒளிச்சு வச்சவளா?”

“இல்ல அத்தை.”

“அப்போ, தெனமும் படுக்கைய நனைப்பாளே, அவளா?”

டெஸ்மண்ட் திரும்பிக்கொண்டு இருமினார். எனிட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஆமா அத்தை. அது நான்தான். எனிட்.”

“உள்ள வா, கண்ணு. நீ போனதுக்கப்புறம் எனக்குத் துவைக்கத் துணியே இல்லாமப் போச்சு.”

எனிட் அவள் காலடியில் மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். காது கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்: “ரெண்டு வருஷம். ஒருநாள்கூட நீங்க திட்டல. காலைல எழுந்திரிச்சா காஞ்ச துணி இருக்கும். வேற வீட்டுக்குப் போனப்புறம்தான் அது எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுது. நன்றி சொல்லாமலே வண்டி ஏறிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். நன்றி அத்தை.”

பெக் அத்தை போர்வைக்குள்ளிருந்து இன்னொரு கையையும் எடுத்து எனிட்டின் கைமேல் வைத்தாள்.

“சரி,” என்றாள். “வாங்கிக்கிட்டேன். எழுந்திரு, தரை சில்லுனு இருக்கு. யாராவது அந்தக் கேக்க வெட்டுங்க.”