மடக்கு ஸ்டூலும் அறுபது விநாடியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை எழுத வைத்தது குற்ற உணர்ச்சிதான். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நேரம் பார்க்கிறவன் நான். மற்ற நாட்களில் அதே கல்லூரி நூலகத்தில் உதவியாளன். ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசப் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டால் அறுபது விநாடி கிடைக்கும். ஐம்பதில் ஒரு மணி, அறுபதில் ஒரு மணி. பொத்தானை அழுத்தி இரண்டையும் அடிப்பது என் விரல்.

2

தொடக்கம் ஒன்று: "பதினெட்டு ஆண்டுகளாகத் துணைப் பயிற்சியாளராகத் தொண்டாற்றி..." (வேண்டாம். பணி நிறைவு விழா மலர் மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: "பந்து தரையில் மோதும் ஓசை அவருடைய இதயத்..." (சீச்சீ.)

நேராகவே சொல்கிறேன். எங்கள் அணியின் துணைப் பயிற்சியாளரை மாணவிகள் சின்ன மேடம் என்பார்கள்; தலைமைப் பயிற்சியாளர் பெரிய மேடம். பதினெட்டு வருடத்தில் அவருக்கு மேலே மூன்று பெரிய மேடங்கள் வந்து போனார்கள். மூன்றாமவர் இவரிடமே பந்து பிடிக்கக் கற்றவர். டைம்-அவுட் என்றால் சின்ன மேடம் பெஞ்சுக்கு அடியிலிருந்து மடக்கு ஸ்டூலை எடுத்து மாணவிகளுக்கு எதிரே விரித்துப் போடுவார். பெரிய மேடம் வந்து உட்கார்ந்ததும், பின்னால் நின்று, ஆட்டத் திட்டம் வரையும் பலகையையும் மூடி கழற்றிய பேனாவையும் நீட்டுவார். எதிரணியில் யார் எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதெல்லாம் இவருடைய நோட்டில் இருக்கும். அதைப் பேசுகிறவர் வேறு.

3

மூன்றாமவர் பருவத்தின் நடுவில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். முதல்வர் சின்ன மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த ஒரு மேட்ச் ஜெயிச்சுக் காட்டுங்க. கோச் போஸ்டுக்கு ஆர்டர் உங்க பேர்லயே போடச் சொல்றேன்."

"சரிங்க சார்."

ஆட்டம் முடியப் பன்னிரண்டு விநாடி. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். அவர் டைம்-அவுட் கேட்டார். ஓடிப்போய் ஸ்டூலை எடுத்து விரித்தார், கையாலேயே துடைத்தார். பிறகு அதன் பின்னால் போய் நின்றுகொண்டு பலகையை நீட்டினார். காலி ஸ்டூலுக்கு.

மாணவிகள் ஸ்டூலைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். அவர் காத்திருந்தார். ஐம்பதில் மணி அடித்தேன்.

"சின்ன மேடம்," என்றாள் கேப்டன் மெதுவாக. "யாரும் வரமாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்."

"ஆமால்ல," என்றார். பலகையில் அரைக்கோடு போட்டார். அறுபது. அடித்தேன்.

தோற்றோம். அடுத்த வாரம் நான்காவது பெரிய மேடம் வந்து சேர்ந்தார்.

4

மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க இப்படி நிப்பாங்களா? நம்புற மாதிரியே இல்லைங்க."

"என் கண்ணால பார்த்தேன்டி."

"பார்த்தா என்ன, கதைதானே? ஜெயிக்கக்கூட வேண்டாம். உட்காரவாவது வையுங்க."

வைத்துப் பார்த்தேன். "அவர் உட்கார்ந்து, 'அவங்க ஒன்பதாம் நம்பர் இடது பக்கம்தான் திரும்புவா, அதனால நீ...'" அதற்கு மேல் பேனா நகரவில்லை. டைம்-அவுட்டில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவேன்?

(அடிக்குறிப்பில் ஒளித்திருக்க வேண்டியது: அன்று நான் பத்து விநாடி தாமதமாக அடித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தே பழக்கம்.)

5

அதனால் இந்தப் பிரதியில் அறுபதில் நான் அடிக்கவில்லை. எழுபது. தொண்ணூறு. இரண்டு நிமிடம். நடுவர் என்னை முறைக்கிறார். மாணவிகளின் வியர்வை காய்ந்துவிட்டது. சின்ன மேடம் அந்த அரைக்கோட்டை விரலால் அழிக்கிறார். பலகையை மறுபடி ஸ்டூலுக்கு நீட்டுகிறார். நேரம் கொடுத்தால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தேன்! எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

பொத்தானை உங்களிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகிறேன். அடித்தால் தோற்பார். அடிக்காவிட்டால் கை கடுக்க நின்றுகொண்டே இருப்பார். எதுவானாலும் சீக்கிரம் செய்யுங்கள். மூடி கழற்றிய பேனா, மை காய்ந்துகொண்டிருக்கிறது.