பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஜோடி கண்மலர்

கடல் தாண்டி இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கண் திறந்தது சங்கரன்கோவிலில், சங்கரேஸ்வரி வீட்டு அடுப்படிச் சுவரில், ஒரு பங்குனி மாதத்துக் காலையில். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை விலை படுத்துக் கிடந்த வாரம் அது. தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கண். பூனைக்கண் நிறம். இமை உண்டு, இமைமயிரும் உண்டு. ஜோடியில் மற்றது அங்கேயே, அவர்கள் மணிக்கூண்டில் திறந்துகொண்டது என்று பிற்பாடு தெரிந்தது. சங்கரேஸ்வரி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வந்துட்டீகளா?" என்று கேட்டாள். கண் ஒருமுறை மூடித் திறந்தது.

எல்லாம் அவள் மகள் யோகலட்சுமியால் வந்தது. ஊரே கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொள்ளும்போது, அந்தப் புற்றைக் கட்டிய கறையானுக்கு வழி சொன்னது யார் என்று கேட்ட பிள்ளை அவள். அதையே கட்டுரையாக எழுதி அனுப்பினாள். பல்கலைக்கழகம் மயங்கிப்போய் இடம் கொடுத்துவிட்டது. செலவுக்கு உதவி உண்டா என்பதை மட்டும் பிறகு சொல்வதாக எழுதியிருந்தது. அப்பா சுடலைமணி எலுமிச்சைக் கமிஷன் கடையில் காய் தரம் பிரிப்பவர். உதவி வராவிட்டால் யோகலட்சுமி விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

பிரவுசிங் சென்டர் முகம்மது சாதிக்தான் அந்தக் கடிதத்தை விளக்கினான். அதில் 'நீட் பிளைண்ட்' என்று ஒரு சொல் இருந்தது.

"நீட்டா? அது டாக்டர் பரீட்சையில்லா? இவ கறையான்தான கேட்டா?" என்று சுடலைமணி பதறினார்.

"அது இல்ல அண்ணாச்சி. நீடுன்னா தேவை, கஷ்டம். பிளைண்டுன்னா கண்ணு தெரியாது. நம்ம கஷ்டம் அவங்க கண்ணுக்குத் தெரியாதாம்" என்றான் சாதிக், ஏதோ பெருமையான சங்கதியைச் சொல்வதுபோல.

சங்கரேஸ்வரிக்கு இது கெட்ட சேதியாகத்தான் பட்டது. அது நல்ல விஷயம்தான், பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது வசதியைப் பார்க்கமாட்டார்கள் என்று மகள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"எடுக்கதுக்குப் பாக்காண்டாம், சரி. குடுக்கதுக்குப் பாக்காண்டாமாட்டி? கண்ணு தெரியாதவுகளுக்கு நம்ம வீட்டு ஒழுகல் எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் படித்தவர்கள் யாரும் இன்றுவரை சரியாகப் பதில் சொல்லவில்லை. சங்கரேஸ்வரி பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. பாம்புப் பயத்துக்கு வெள்ளிப் பாம்பும், கால்வலிக்கு வெள்ளிக் காலும் வாங்கி உண்டியலில் போடுகிற ஊர் இது. கோயில் வாசலில் ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டாள். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள். நட்சத்திரத்துக்குச் சாதிக்கைப் போனில் பிடித்து, பல்கலைக்கழகம் பிறந்த தேதியை வாங்கிக் கொடுத்தாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, திருவாதிரை என்றார். கோமதி அம்மனுக்கு அன்று அந்தப் பெயரில் அர்ச்சனை நடந்தது. மறுநாள் காலையில்தான் சுவரில் கண்.

பார்க்கத்தான் வந்திருக்கிறது என்பதால் வீடு பார்க்கும்படியாக, அதாவது பார்க்கச் சகிக்காதபடியாக, இருக்கவேண்டும் என்று தெருவே கூடி முடிவு செய்தது. பிரிட்ஜை அடுத்த வீட்டு அலிமா பீவி தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டாள். சுடலைமணி கிழிந்த பனியனோடு அடுப்படிக்குள் உலாத்தினார். "இருமுங்க" என்று சங்கரேஸ்வரி ஜாடை காட்டினால் இருமினார். வாசுதேவநல்லூரிலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் பெற்றோர்கள் மார்க் ஷீட்டும் பிள்ளையுமாக வந்து கண்ணுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். கண் எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்தது. யோகலட்சுமி மட்டும் வெட்கத்தில் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

அப்புறம் வந்தது அடுத்த கடிதம். சாதிக் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். பல்கலைக்கழகத்துக்கு இப்போது கண் தெரிவதால் பழைய கொள்கை செல்லாதாம். உதவி கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் இடத்தை மறுபடி யோசிக்கப்போகிறார்களாம்.

சங்கரேஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சும்மா கிடந்த குருட்டுக்குக் கண்ணை வாங்கிக் கொடுத்து, பிள்ளை வாயில் மண்ணைப் போட்டது அவள்தான். மகள் அவள் பாட்டுக்குப் பையில் எடுத்து வைத்திருந்த ஸ்வெட்டரை மறுபடி பீரோவில் மடித்து வைத்தாள். அதைப் பார்த்ததும் தாய் எழுந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள்.

"ஏன் வே, நல்லாக் கண்ணைத் தொறந்து பாத்தீரே, என்ன கண்டீரு? எம்பிள்ள மேல கண்ணு போடவா கண்ணு வாங்கித் தந்தேன்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கண் பட்டிருக்கிறது! இதற்கு வைத்தியம் தெரியாத தாய் இந்த ஜில்லாவில் கிடையாது. மகளைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். கல்லுப்பும் மிளகாய் வற்றலும் தெருமண்ணும் கைநிறைய அள்ளி, தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகிப் புகை கிளம்பியது. ஒருத்தருக்கும் தும்மல் இல்லை, இருமல் இல்லை. நெடி வரவில்லை என்றால் கண்ணேறு கடுமை என்று அர்த்தம். வரவேண்டிய நெடி முழுக்கச் சுவருக்குப் போயிருந்தது. கண் சிவந்தது, துடித்தது, பிறகு பொலபொலவென்று அழ ஆரம்பித்தது. அடுப்படியில் கணுக்கால் அளவு தண்ணீர். அலிமா பீவி வாளியோடு ஓடிவந்து இறைத்தாள்.

கடைசிக் கடிதத்தைச் சாதிக் வீட்டுக்கே வந்து வாசித்தான். யோகலட்சுமியின் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் கமிட்டியில் அத்தனை பேரும் விம்மி விம்மி அழுதார்களாம், காரணம் தெரியவில்லையாம். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், விமானம் எல்லாம் அவர்கள் பொறுப்பாம்.

"அது மிளகாப் புகைம்மா" என்றாள் யோகலட்சுமி.

"எதுவா இருந்தா என்னட்டி, அழுதாகல்லா" என்றாள் சங்கரேஸ்வரி. ஸ்வெட்டர் மறுபடி பைக்குள் போனது.

யோகலட்சுமி போய் இரண்டு பொங்கல் கழிந்துவிட்டது. பிரிட்ஜ் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. வெள்ளையடிக்க வருகிற மூக்காண்டி கண்ணைச் சுற்றிப் பதனமாக அடித்துவிட்டுப் போகிறான். சாயங்காலம் வேலை ஒழிந்ததும் சங்கரேஸ்வரி ஈரத்துணியால் கரி துடைத்து, அந்தக் கண்மணிக்குள் உற்றுப் பார்ப்பாள். மணிக்கூண்டில் இருக்கும் ஜோடிக் கண் பார்ப்பது இதிலும் தெரியும். வெள்ளை வெளேரென்று பனி. அதில் கடுகளவு கறுப்பாக ஒன்று, புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வேகமாகப் போகும்.

"ஏட்டி, தலைய மூடிக்கிட்டுப் போ."

கடுகளவு உருவம் நின்று, அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்து, ஸ்வெட்டர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ளும். சங்கரேஸ்வரி கண்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, ரசத்துக்குத் தாளிக்கப் போவாள்.